பெயர் அழிந்த பாகம்: பழைய மின்கருவி உறுப்புகளை இனம் காணல்

பழைய கலர் டி.வி.யின் போர்டில், வீட்டு மின்சாரம் உள்ளே நுழையும் மூலையில், கருப்பு அல்லது வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு சிறு பெட்டி இருக்கும். பெரும்பாலும் மூன்று கால்கள். குலுக்கினால் சில சமயம் உள்ளே எதுவோ ஆடும் ஓசை கேட்கலாம். மல்டிமீட்டரை வைத்தால் ஒரு ஜோடிக் கால்களுக்கு இடையே சில பத்து ஓம் காட்டும். காயலான் கடையில் எடைக்கு வாங்கிய குவியலில் இது தனியாகக் கிடந்தால் ஒருவர் ரிலே என்பார், இன்னொருவர் உடைந்த டிரான்சிஸ்டர் என்பார். இரண்டும் இல்லை. படக்குழாயில் ஏறிய காந்தத் தன்மையை நீக்கும் சுற்றில் வரும் பி.டி.சி. தெர்மிஸ்டர் அது.

அதற்குள் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகையால் ஆன இரண்டு வில்லைகள் ஸ்பிரிங் தகடுகளுக்கு இடையே நிற்கின்றன. குளிர்ந்த நிலையில் அவற்றின் மின்தடை குறைவு. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அது ஆயிரக்கணக்கான மடங்கு எகிறும். டி.வி.யைப் போட்ட நொடியில் படக்குழாயைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் பெரிய மாறுமின்னோட்டம் பாயும். வில்லை சூடேறச் சூடேற ஓரிரு வினாடிகளில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் தேயும். இப்படிப் படிப்படியாகத் தேயும் காந்தப்புலம்தான் குழாயினுள் இருக்கும் எஃகு நிழல்தகட்டின் காந்தத்தைத் துடைக்கிறது. இரண்டாவது வில்லையின் வேலை முதல் வில்லையைச் சூடாகவே வைத்திருப்பது. கருப்பு வெள்ளை டி.வி.யில் நிழல்தகடு இல்லை. அதனால் இந்தப் பாகமும் இல்லை.

போர்டிலேயே இருந்தபோது இதை அடையாளம் காண ஒரு பார்வை போதும். ஃபியூஸ் பக்கத்தில் இருக்கிறது, இரண்டு கம்பி கொண்ட கனெக்டர் அதிலிருந்து புறப்பட்டு படக்குழாயைச் சுற்றிய சுருளுக்குப் போகிறது; வேறு எதுவாக இருக்க முடியும்? கழற்றி டப்பாவில் போட்டபின் அதே கேள்வி அரை நாள் வேலையாகிவிடுகிறது. ஓர் உறுப்பைப் பற்றிய சான்றுகளில் மிக வலுவானது அது இருந்த இடம். கழற்றும்போது முதலில் அழிவதும் அதுதான். மேலே அச்சிட்ட எண், உருவம், நிறம், மீட்டர் அளவு ஆகிய மற்ற எல்லாமே தனியாகப் பார்த்தால் ஏமாற்றக்கூடியவை.

இடத்தைப் படிக்கும் முன் அந்த இடத்தில் எஞ்சியிருக்கும் மின்னூட்டத்தைத் தீர்க்க வேண்டும். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது உச்ச அளவான சுமார் 325 வோல்ட்டுக்கு முதன்மை கெப்பாசிட்டர் ஏறிவிடும். டி.வி.களில் வழக்கமாக வரும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 12 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் அது தீர்ந்துவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது நம்மூரில் பரவலான வழக்கம், கெட்ட வழக்கம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளோடு இணைத்துக் கால் நிமிடம் வைத்தால் அழுத்தம் அமைதியாக இறங்கிவிடும். பிறகு மீட்டரில் உறுதி செய்துகொள்ளலாம். படக்குழாயின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். குழாயின் கண்ணாடியே கெப்பாசிட்டராக நடப்பதால், ஒரு முறை இறக்கிய பிறகும் கொஞ்சம் மின்னூட்டம் மீண்டும் தலைகாட்டும். மைக்ரோவேவ் அடுப்பு இன்னும் மோசம்: அதன் கெப்பாசிட்டரில் நிற்கும் 2,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் ஆளைக் கொல்லப் போதுமானது. பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

இனி போர்டு. மின்சாரம் வழங்கும் பகுதியைக் கூர்ந்து பார்த்தால் செப்புத் தடங்கள் இல்லாத ஒரு வெற்றுப் பட்டை, சில சமயம் வெட்டிய பிளவே, குறுக்கே ஓடுவது தெரியும். அதற்கு ஒரு புறம் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ளது, மறுபுறம் பிரிக்கப்பட்டது. இந்த எல்லையைத் தாண்டி நிற்க மிகச் சில உறுப்புகளுக்கே அனுமதி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர், நான்கு கால் கொண்ட ஆப்டோகப்ளர், ஒய் வகைக் கெப்பாசிட்டர், சில போர்டுகளில் மிக உயர்ந்த மதிப்புள்ள ரெசிஸ்டர். எல்லைக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்த நீலநிற வில்லை ஏறக்குறைய நிச்சயமாக ஒய் கெப்பாசிட்டர். அதே போன்ற நீல வில்லை ஃபியூஸுக்கு அடுத்து, இரண்டு மின்கம்பிகளுக்கும் குறுக்கே இருந்திருந்தால் அது மின்னெழுச்சியிலிருந்து காக்கும் வேரிஸ்டர்.

போர்டில் அச்சிட்ட எழுத்துகளும் உதவும். ஆர் என்றால் ரெசிஸ்டர், சி என்றால் கெப்பாசிட்டர், எல் என்றால் சுருள், க்யூ என்றால் டிரான்சிஸ்டர், எஃப் என்றால் ஃபியூஸ், டி.எச். என்றால் தெர்மிஸ்டர், இசட்.டி. என்றால் ஸீனர் டையோடு. ஒவ்வொரு நிறுவனமும் சிறு மாற்றங்கள் வைத்திருக்கும் என்றாலும் முதல் நான்கும் பெரும்பாலான போர்டுகளில் மாறுவதில்லை. பச்சை நிறத்தில் வண்ணப் பட்டைகளோடு ரெசிஸ்டர் மாதிரியே தோன்றும் ஒன்றின் அருகில் எல் என்று போட்டிருந்தால் அது சுருள். போர்டு கையில் இல்லாவிட்டால் மீட்டர் அதைச் சொல்லும். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்ற பட்டைகள் ரெசிஸ்டரில் 1,000 ஓம். சுருளில் 1,000 மைக்ரோஹென்றி. பட்டை ஆயிரம் என்று சொல்ல, மீட்டர் சில ஓம் மட்டுமே காட்டினால் ஐயம் தீர்ந்தது.

உருவத்தை நம்புவது பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. டி.ஓ.92 என்பது ஒரு பக்கம் தட்டையாக, மூன்று காலோடு வரும் சின்னக் கருப்பு உறை. குடியிருப்பு வாரிய வீடுகள் போல வெளியே எல்லாம் ஒன்று. உள்ளே குடியிருப்பவர் வேறு. சாதாரண டிரான்சிஸ்டர், எல்.எம்.35 வெப்ப உணரி, டி.எல்.431 மின்னழுத்த ஒப்பளவு, 5 வோல்ட் ரெகுலேட்டர், காந்தத்தை உணரும் ஹால் உணரி, சிறு தைரிஸ்டர் என எத்தனையோ அந்த ஒரே உறையில் வருகின்றன. வெப்பத் தகட்டில் திருகு போட்டு மாட்டும் டி.ஓ.220 உறையிலும் இதே கதை. ரெகுலேட்டர், மாஸ்ஃபெட், டிரையாக், இரட்டை ஷாட்கி டையோடு எல்லாம் அங்கே பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இதிலும் அதிகம் குழப்புவது வில்லைகள்தான். இரண்டு கால், வட்ட வடிவம், நீலம் அல்லது கரும்பச்சைப் பூச்சு. இந்த ஒரே தோற்றத்தில் குறைந்தது நான்கு வேறு உறுப்புகள் வருகின்றன. '14டி471கே' என்று எழுதியிருந்தால் வேரிஸ்டர். 14 என்பது வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில், 471 என்பது 47-க்குப் பின் ஒரு சுழி, அதாவது 470 வோல்ட், கே என்பது 10 சதவீத ஏற்ற இறக்கம். '5டி-9' என்றிருந்தால் என்.டி.சி. தெர்மிஸ்டர், இங்கே 5 என்பது அறை வெப்பநிலையில் ஓம் அளவு, 9 விட்டம். எண்களின் வரிசை தலைகீழாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். '472எம்' என்றும் பல பாதுகாப்பு முத்திரைகளும் இருந்தால் 4,700 பிக்கோஃபாரட் ஒய் கெப்பாசிட்டர். '102' என்றும் 2 கிலோவோல்ட் என்றும் இருந்தால் 1,000 பிக்கோஃபாரட் உயர் அழுத்தக் கெப்பாசிட்டர்.

எழுத்து அழிந்திருந்தால் மீட்டரைத்தான் கேட்க வேண்டும். சில ஓம் காட்டினால் அது தெர்மிஸ்டர். சால்டரிங் அயர்னை அருகில் கொண்டுபோய்ச் சூடாக்கும்போது மின்தடை இறங்கினால் என்.டி.சி., ஏறினால் பி.டி.சி. முற்றிலும் ஓப்பனாகக் காட்டினால் வேரிஸ்டரோ கெப்பாசிட்டரோ. பலரும் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள்: வேரிஸ்டரைக் கெப்பாசிட்டன்ஸ் அளவில் வைத்தால் அதுவும் சில நூறு பிக்கோஃபாரட் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. துத்தநாக ஆக்ஸைடு மணிகளுக்கு இடையிலான எல்லைகள் உண்மையிலேயே கெப்பாசிட்டராக நடக்கின்றன. ஆகவே அந்த அளவை மட்டும் வைத்து முடிவு கட்டினால் மின்னல் காப்பு உறுப்பு ஒன்று வடிகட்டிக் கெப்பாசிட்டராகப் பெயர் மாறிவிடும்.

எண்கள் தெளிவாக இருக்கும்போதும் அவற்றுக்கு இலக்கணம் உண்டு. கெப்பாசிட்டரில் 104 என்றால் 10-க்குப் பின் நான்கு சுழி, 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். ஆனால் பழைய பீங்கான் வில்லையில் 100 என்று மட்டும் இருந்தால் இலக்கணம் திணறுகிறது. 10-க்குப் பின் சுழி எதுவும் இல்லை என்று படித்தால் 10 பிக்கோஃபாரட். எண்ணாகவே படித்தால் 100. அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. துருவம் கொண்ட கெப்பாசிட்டர்களில் இன்னொரு பொறி: அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு எதிர்முனையைக் காட்டும், டான்டலத்தில் கோடு நேர்முனையைக் காட்டும். டான்டலத்தைத் திருப்பி மாட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்ற குழப்பத்துக்கு, மதிப்புகள் தொடராக வருவதே மருந்து. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற பன்னிரண்டும் அவற்றின் பத்து மடங்குகளுமே 10 சதவீத வகையில் தயாரிக்கப்பட்டன. 5 சதவீத வகையில் இன்னும் பன்னிரண்டு சேரும். அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரே விகிதம் இருக்கும்படி வகுக்கப்பட்ட வரிசை இது. ஒரு பக்கமிருந்து படித்து 74 கிலோ ஓம் என்று வந்தால் அப்படி ஒரு ரெசிஸ்டர் இந்த வரிசையில் கிடையாது. திருப்பிப் படிக்க வேண்டும். வெப்பத்தில் சிவப்புப் பட்டை பழுப்பாகியிருக்கலாம். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மதிப்பு ஏறியும் இருக்கலாம். பட்டையும் மீட்டரும் முரண்படும்போது கெட்டுப்போனது பட்டையா ரெசிஸ்டரா என்று பக்கத்திலிருந்த உறுப்புகளின் நிலையைப் பார்த்தே சொல்ல முடியும்.

டிரான்சிஸ்டர், டையோடுகளின் எண்களில் மூன்று மரபுகள் ஓடுகின்றன. அமெரிக்க மரபில் டையோடு 1என், டிரான்சிஸ்டர் 2என் என்று தொடங்கும். பின்னால் வருவது வெறும் பதிவு வரிசை எண், வேறு எதையும் சொல்லாது. ஜப்பானிய மரபு கூடுதலாகப் பேசும். 2எஸ்ஏ, 2எஸ்பி இரண்டும் பி.என்.பி., 2எஸ்சி, 2எஸ்டி இரண்டும் என்.பி.என்., 2எஸ்கே என்-சானல் ஃபெட். இடமில்லாததால் முன்னாலுள்ள 2எஸ் உறையில் அச்சிடப்படாது. சி1815 என்று இருப்பதை 2எஸ்சி1815 என்று விரித்துத் தேட வேண்டும். மூன்றும் ஒப்பிட்டால் ஐரோப்பிய மரபே மிகத் தெளிவு. 1966-இல் தொடங்கிய ப்ரோ எலக்ட்ரான் அமைப்பு வகுத்த முறையில் முதல் எழுத்து பொருளைச் சொல்லும்: ஏ என்றால் ஜெர்மேனியம், பி என்றால் சிலிக்கான். இரண்டாம் எழுத்து வேலையைச் சொல்லும்: சி என்றால் சிறு திறன் ஒலி டிரான்சிஸ்டர், எஃப் என்றால் ரேடியோ அதிர்வெண், ஒய் என்றால் ரெக்டிஃபையர். ஏ.சி.128 ஜெர்மேனியம், பி.சி.148 சிலிக்கான் என்று எண்ணைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

அதற்கும் முந்தைய ஓ.சி.71 போன்ற பெயர்களுக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து இழைக்கான மின்சாரத்தைக் குறித்தது. ஈ என்றால் 6.3 வோல்ட். சி என்றால் டிரையோடு. டிரான்சிஸ்டர் வந்தபோது அதையும் அதே முறையில் பெயரிட்டார்கள்: சூடாக்கும் இழை இல்லாத டிரையோடு, ஆகவே ஓ.சி. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஐரோப்பிய எண்களையே பின்பற்றியதால், இந்திய ரேடியோக்களில் கிடைக்கும் பழைய டிரான்சிஸ்டர்களுக்கு ஐரோப்பியக் கையேடுகளே பொருந்தும். இந்தியப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் தலைமுறைகளாகப் புழங்கிய எஸ்.எல்.100, எஸ்.கே.100 ஜோடி மட்டும் எந்த மரபிலும் அடங்காது, முன்னது என்.பி.என்., பின்னது பி.என்.பி. வெளிநாட்டுக் கையேடுகளில் தேடிச் சலிப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஐ.சி.யின் மேல் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வகை, மற்றது தயாரித்த ஆண்டும் வாரமும். 1974-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்த 7400 ஐ.சி.யில் 7400, 7432 என இரண்டும் அச்சாகியிருக்கும். 7432 என்பதும் அதே குடும்பத்தில் வேறொரு ஐ.சி.யின் பெயர். முன்னொட்டு எழுத்துகளும் பின்னொட்டு எழுத்தும் எந்த எண்ணோடு சேர்ந்திருக்கின்றனவோ அதுவே வகை எண்.

எழுத்து முழுதும் மங்கியிருந்தால் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் பல சமயம் தெரியவரும். லேசரில் பொறித்த எழுத்துக்கு இது நன்றாக வேலை செய்கிறது. மையில் அச்சிட்டதை அழுத்தித் துடைத்தால் இருப்பதும் போய்விடும்.

மீட்டரின் டையோடு சோதனைதான் இந்த வேலையில் அதிகம் பயன்படுவது. முன்னோக்கிய திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்டினால் சிலிக்கான். 0.2, 0.3 என்று வந்தால் ஜெர்மேனியமாகவோ ஷாட்கியாகவோ இருக்கலாம். வால்வு ரேடியோவிலிருந்து வந்த கண்ணாடி டையோடு ஷாட்கியாக இருக்க வாய்ப்பில்லை, கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து வந்தது ஜெர்மேனியமாக இருக்க வாய்ப்பில்லை. இங்கும் இடமும் காலமுமே தீர்ப்பு சொல்கின்றன. ஸீனர் இந்தச் சோதனையில் சாதாரண டையோடு போலவே நடிக்கும். ஒரு ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து எதிர்த்திசையில் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஸீனரின் குறுக்கே உள்ள அழுத்தம் எந்த அளவில் நிற்கிறதோ அதுவே ஸீனர் மதிப்பு.

மூன்று கால் உறுப்பில், ஒரு காலோடு மற்ற இரண்டும் ஒரே திசையில் சந்தி காட்டினால் அது சாதாரண டிரான்சிஸ்டர். அந்தப் பொதுக் கால் பேஸ். பேஸில் சிவப்புக் கம்பி வைத்தபோது காட்டினால் என்.பி.என்., கருப்பு வைத்தபோது காட்டினால் பி.என்.பி. இரண்டில் சற்றுக் கூடுதல் அளவு காட்டும் கால் எமிட்டர். இந்தச் சோதனையைச் செய்யாமல் கால் வரிசையை ஊகிக்கக் கூடாது. தட்டைப் பக்கம் பார்த்து இடமிருந்து வலமாக பி.சி.547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். சி1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். மூன்றும் சிறு என்.பி.என்., மூன்றும் ஒரே உறை.

சோதனை தவறான தீர்ப்பு தரும் இடங்களும் உண்டு. கலர் டி.வி.யின் கிடைவரி வெளியீட்டு டிரான்சிஸ்டரான டி1555 போன்றவற்றில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு டையோடும் உறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். மீட்டர் பேஸ்-எமிட்டர் ஷார்ட் என்று காட்டும். இதை நம்பிக் குப்பைக்குப் போன நல்ல டிரான்சிஸ்டர்கள் ஏராளம்.

மூன்று கால்களையும் தானே மாற்றி மாற்றி அளந்து பெயரையும் திரையில் காட்டும் சிறு சோதனைக் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன; சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஜெர்மானிய ஆர்வலர்கள் உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்ட வடிவமைப்பின் வழிவந்தவை அவை. நல்ல கருவிதான், ஆனால் வழக்கமான மாதிரிகள் 5 வோல்ட்டிலேயே வேலை செய்கின்றன. அதற்கு மேற்பட்ட ஸீனரை வெறும் டையோடு என்றுதான் அது சொல்லும். ஐ.சி.யை வைத்தால் எதையாவது உளறும். மின்னூட்டம் தீர்க்காத கெப்பாசிட்டரை வைத்தால் கருவியே செத்துவிடும்.

எந்த அளவுகோலும் உதவாத பாகங்களும் உண்டு. இந்தியாவில் கலர் ஒளிபரப்பு தொடங்கிய 1982-ஐ ஒட்டிய ஆண்டுகளின் டி.வி.களில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான, தட்டையான, நான்கு கால் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். மீட்டரில் எல்லாக் கால்களும் ஓப்பன். பிரித்தால் உள்ளே பல முகம் வெட்டிய கண்ணாடித் துண்டு மட்டும். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையிலான கலர் டி.வி.யில் ஒரு வரியின் வண்ணச் செய்தியை அடுத்த வரி வரும்வரை, அதாவது 64 மைக்ரோவினாடி, பிடித்து வைக்க வேண்டும். அதற்கான தாமதக் கோடு இது. மின்குறிப்பு ஒரு முனையில் மீயொலி அதிர்வாக மாறி, கண்ணாடிக்குள் வினாடிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் பயணித்து, மறுமுனையில் மீண்டும் மின்குறிப்பாகிறது. அந்த நேரத்துக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் பாதை வேண்டும்; சிறிய துண்டுக்குள் அது அடங்குவதற்காகவே முகங்களில் அலை பலமுறை எதிரொலிக்கும்படி வெட்டியிருக்கிறார்கள். துல்லிய மதிப்பு 63.943 மைக்ரோவினாடி. பிற்காலத்தில் இந்த வேலையை ஐ.சி.யே ஏற்றுக்கொண்டதால், பிந்தைய டி.வி.களில் இதைத் தேடிப் பயனில்லை.

இன்னும் பழைய கருவிகளில் சதுரத் தகடுகளை நடுவில் போல்ட் போட்டு அடுக்கியது போல் ஒன்று இருந்தால் அது செலினியம் ரெக்டிஃபையர். எரிந்தால் அழுகிய நாற்றமடிக்கும் நச்சுப்புகை வரும்; சோதித்துப் பார்க்கவே வேண்டாம். எண்ணெய் கசியும் பழைய உலோக டப்பா கெப்பாசிட்டரில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். அதையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

அடையாளம் கண்டபின் எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தலாம் என்பதில்லை. ரெசிஸ்டர், சிறு டிரான்சிஸ்டர், ஐ.சி., வெப்பத் தகடு, கனெக்டர் இவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ், ஒய் கெப்பாசிட்டர்கள், வேரிஸ்டர், ரைஸ் குக்கரிலும் அயர்ன் பாக்ஸிலும் வரும் உலோகத் தோட்டா வடிவ வெப்ப ஃபியூஸ் ஆகியவை வேறு ரகம். எக்ஸ் கெப்பாசிட்டர் இரண்டு மின்கம்பிகளுக்கு இடையே இருப்பதால் அது ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். ஒய் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் கருவியைத் தொடுகிறவர் மேல் மின்சாரம் பாயும். வேரிஸ்டர் ஒவ்வொரு மின்னெழுச்சிக்கும் கொஞ்சம் தேய்கிறது, தேய்ந்த அளவை மல்டிமீட்டர் காட்டாது. வெப்ப ஃபியூஸில் மீட்டர் சுழி ஓம் காட்டுவது அது இன்னும் அறுந்துபோகவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, எந்த வெப்பநிலையில் அறுபடும் என்பதைச் சொல்வதில்லை. உயிரைக் காக்கும் இடத்தில் மாட்ட வேண்டிய இவற்றை, எண் தெளிவாகத் தெரிந்தாலும், பழைய போர்டிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. கடையில் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் சில ரூபாய்தான்.